விளிம்பில் எழுதிய பெயர்



இதற்கு நினைவுச் சொற்பொழிவு என்று பெயர். ஒருவரை நினைவில் வைத்திருக்க என்னென்ன வேண்டும் என்று இந்த உரையைத் தயாரிக்கும்போது யோசித்துக்கொண்டிருந்தேன். முதலில் பெயர் வேண்டும். அந்தப் பெயரைத் தாங்கிய பொருள் ஒன்று வேண்டும். அந்தப் பொருளை வைத்துக் காப்பதற்கு மழை ஒழுகாத ஒரு மூலை வேண்டும். செப்பேடும் கல்வெட்டும் பட்டாவும் வைத்திருந்தவர்களின் கதை வரலாறாகிவிட்டது. நம்மிடம் இவை எதுவும் இல்லை, ஆகவே நமக்கு வரலாறும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நம்மில் பல குடும்பங்களிடம் ஒரே ஒரு பொருள் இருந்தது. தகரப்பெட்டிக்குள் கந்தல் துணியில் சுற்றிவைத்த பதக்கம். இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1. பெட்டி

என் ஆயாவின் தகப்பனார் ஜெர்மன் சண்டைக்குப் போய்த் திரும்பாதவர். முதல் உலகப்போர் என்ற சொல் எங்கள் வீட்டில் கிடையாது, ஜெர்மன் சண்டைதான். பெங்களூரில் சப்பர்ஸ் பட்டாளத்தில் சேர்ந்தார், பம்பாயில் கப்பலேறினார், பஸ்ராவில் செத்தார் என்பது வரைக்கும்தான் ஆயாவுக்குத் தெரியும். அவர் போகும்போது ஆயா கைக்குழந்தை. தகப்பனின் முகம் ஆயாவின் நினைவில் இல்லை, வீட்டில் ஒரு படமும் இல்லை. சண்டை முடிந்து சில காலம் கழித்துத் தபாலில் மூன்று பொருள்கள் வந்தன. ஒன்று வெள்ளி மெடல், ஒன்று மஞ்சள் நிற மெடல், மூன்றாவது உள்ளங்கையைவிடப் பெரிய வெண்கல வட்டத் தகடு.

அந்தத் தகட்டில் ஒரு பெண் நிற்கிறாள். கையில் சூலம், காலடியில் சிங்கம். எங்கள் வீட்டில் அப்போது ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சூலமும் சிங்கமும் உள்ள பெண் யார் என்று சேரியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். அம்மன். தகப்பன் செத்த நாட்டிலிருந்து அம்மனே வந்திருக்கிறாள் என்று எடுத்து மாடத்தில் வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் புளிபோட்டுத் தேய்த்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது ஆயா அதை எடுத்து என் மடியில் வைத்து, "இதுல எங்க நைனா பேரு இருக்குதா, படிச்சிச் சொல்லு" என்றது. சுற்றிலும் உள்ள எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் உயிர்நீத்தார் என்று பொருள். பெயர் இருக்கவேண்டிய சிறு கட்டம் ஏறத்தாழ மொழுக்கென்று இருந்தது. ஐம்பது அறுபது ஆண்டுகள் வெள்ளிக்கிழமைதோறும் பக்தியோடு தேய்த்ததில் பெயர் தேய்ந்துபோயிருந்தது.

வெள்ளி மெடல் ஒரு கல்யாணச் செலவுக்கு அடகுக்கடைக்குப் போனது, மீளவில்லை. மஞ்சள் மெடல் மட்டும் விலைபோகாததால் பெட்டியின் அடியில் கிடந்தது. யாரும் தேய்க்காததால் அதன் விளிம்பில் இருந்த எழுத்து அப்படியே இருந்தது. எண், பதவி, பெயர், பட்டாளம். அதைப் படித்துச் சொன்னேன். ஆயா ஒன்றும் பேசவில்லை. கையில் வாங்கி, விளிம்பை விரலால் ஒருமுறை சுற்றித் தடவிவிட்டுத் திரும்பத் துணியில் சுற்றி வைத்தது.

2. உலோகம் சொல்லும் சாட்சியம்

ஆயாவின் பெட்டியில் இருந்தவை என்ன என்று பிறகுதான் கற்றுக்கொண்டேன். வெள்ளிப் பதக்கம் 1914–1918 ஆண்டுகள் பொறித்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். மஞ்சள் பதக்கம் சிறகு விரித்த பெண்ணுருவம் கொண்ட வெற்றிப் பதக்கம், அதன் பட்டுநாடா வானவில் நிறங்களில் இருக்கும். பெரிய தகடு இறந்தவரின் குடும்பத்துக்கு மட்டும் அனுப்பப்பட்ட நினைவுத்தகடு, குறுக்களவு சுமார் 12 சென்டிமீட்டர். பிரிட்டிஷ் பேரரசு முழுவதிலும் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அது போயிற்று. சூலம் தாங்கிய அம்மன் பிரிட்டானியா. தகட்டில் பெயர் மட்டும்தான் இருக்கும், பதவி இருக்காது. சாவில் எல்லோரும் சமம் என்பதால் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். ஜெனரலுக்கும் சப்பருக்கும் ஒரே தகடு.

இல்லாத பொருளும் சாட்சி சொல்லும். 1915 முடிவதற்குள் போர்க்களம் போனவர்களுக்கு மூன்றாவதாக 1914-15 நட்சத்திரம் என்ற வெண்கலப் பதக்கமும் கொடுத்தார்கள். ஆயாவின் பெட்டிக்கு அது வரவே இல்லை. அப்படியானால் அவர் கப்பலேறியது 1916-க்குப் பிறகாக இருக்கலாம். எந்தக் காகிதமும் இல்லாத ஒரு மனிதரின் வாழ்க்கையில் இப்படி ஒரு தேதியை நெருங்க முடிகிறது.

உலோகமே தரவரிசையையும் சொல்லிவிடும். போர்ப் பதக்கம் படைவீரருக்கு வெள்ளியில் வந்தது. தொழிலாளர் படையினருக்கும் பட்டாளத்தைப் பின்தொடர்ந்த பணியாளர்களில் பலருக்கும் அதே பதக்கம் வெண்கலத்தில் வந்தது. அந்த வெண்கலத்துக்கு வெற்றிப் பதக்கம் துணையாக வராது. சுமை தூக்கியவர், துப்புரவு செய்தவர், தண்ணீர் சுமந்தவர் ஆகியோரின் உழைப்பு வெற்றியில் சேராது என்று பொருள். முதல் உலகப்போருக்குச் சென்னை மாகாணம் அனுப்பிய சுமார் 92,000 பேரில் ஏறத்தாழ 41,000 பேர் போரிடாத பணியாளர்கள். அவர்களில் எத்தனை பேர் எந்தத் தெருவிலிருந்து போயிருப்பார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

விளிம்பில் எழுதிய பெயர்தான் முக்கியமானது. நம் தாத்தாக்களின் காலத்தில் சேரியில் முனுசாமி என்று பெயர் வைத்தால் ஊர் அவரை முனியன் ஆக்கிவிடும். கந்தசாமி கந்தன் ஆவார், சின்னத்தம்பி சின்னான் ஆவார். மரியாதை ஒட்டிய ஈற்றை வெட்டிவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். பட்டாளத்து ரோல் எழுதிய குமாஸ்தாவுக்கு அந்தக் கவலை இல்லை. சொன்ன பெயரை எழுதினார். அது அச்சாகி உலோகத்தில் இறங்கியது. ஊர் வெட்டிய பெயர் முழுதாக நிற்கும் ஒரே இடம் பல குடும்பங்களில் அந்த விளிம்புதான். நம்மை விளிம்புநிலை மக்கள் என்கிறார்கள். நம் பெயரும் விளிம்பில்தான் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

3. பட்டாளத்துக்குப் போன தெருக்கள்

1780-இல் சென்னையில் இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தொடங்கிய படைதான் பின்னாளில் விக்டோரியா மகாராணியின் பெயரைத் தாங்கிய சென்னை சப்பர்ஸ் மைனர்ஸ் பட்டாளமாக வளர்ந்து பெங்களூரில் நிலைகொண்டது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டுவது, முள்கம்பியை வெட்டுவது இதன் வேலை. மண்வெட்டியும் துப்பாக்கியும் இரண்டும் தெரிந்த ஆட்கள் வேண்டும். பறையர்கள் இந்தப் படையில் பெருமளவில் இருந்தார்கள். பர்மாவிலும் சீனாவிலும் 19-ஆம் நூற்றாண்டில் நடந்த போர்களில் இவர்கள் இருந்தார்கள். முள்வேலியைத் தகர்க்கும் பெங்களூர் டார்பிடோ என்ற குழாய்வெடியை 1912-இல் இந்தப் பட்டாளத்தின் ஆங்கிலேய அதிகாரி மெக்ளிண்டாக் உருவாக்கினார். அந்த வெடி இரண்டாம் உலகப்போரிலும் பயன்பட்டது. அதிகாரியின் பெயரும் ஊரின் பெயரும் நிலைத்தன. குழாயை இழுத்துக்கொண்டு முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்து போனவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை.

பட்டாளம் நமக்கு நிரந்தரமாகக் கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போர்க்குடி என்றொரு கொள்கை வந்தது. சில சாதிகள் பிறவியிலேயே வீரர்கள், மற்றவர்கள் அப்படியல்ல என்பது அதன் சாரம். சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும் பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ் இதன் பெரிய ஆதரவாளர். சென்னை ரெஜிமெண்டுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. மகாராஷ்டிரத்தில் 1890-களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அதை எதிர்த்து 1894-இல் கோபால் பாபா வலங்கர் மனு எழுதினார், 1910-இல் சிவராம் ஜான்பா காம்ப்ளே மனு எழுதினார். மகர்களுக்குக் கதவு மூடப்பட்ட அந்தக் காலத்தில்தான், 1891-இல், மாவ் பாசறையில் சுபேதார் ராம்ஜி சக்பாலின் மகனாக அம்பேத்கர் பிறந்தார். பட்டாளம் கொடுத்த கல்வியையும் பட்டாளம் இழைத்த துரோகத்தையும் அந்த வீடு ஒருசேரக் கண்டது.

போர் வந்ததும் கதவு திறந்தது, முடிந்ததும் மூடியது. 1917-இல் 111-வது மகர் படை அமைக்கப்பட்டது, 1921-இல் கலைக்கப்பட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் 1914 நவம்பரில் இறங்கிய 61-வது பயனியர் படை சென்னைப் படை. அந்தப் பயனியர் படைகளை 1933 அளவில் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் போர் வந்தபோது மகர் ரெஜிமெண்ட் 1941-இல் மீண்டும் வந்தது. 1943-இல் உருவான சமார் ரெஜிமெண்ட் 1946-இல் கலைக்கப்பட்டது. சாவதற்கு ஆள் தேவைப்படும்போது மட்டும் நாம் வீரக்குடிகள்.

4. பெயர் இல்லாத கற்கள்

தமிழ் மண்ணில் போரில் இறந்தவனுக்குக் கல் நடுவது பழைய மரபு. கல்லைத் தேடிக் காண்பதிலிருந்து வாழ்த்துவது வரை தொல்காப்பியம் அதற்கு ஆறு படிகளை வகுக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடுபிடி சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்வெட்டு சொல்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன்னால் விசுவாசமான ஒரு நாயின் பெயரைக்கூட எழுதிவைக்க வேண்டும் என்று அந்தச் சிற்றூருக்குத் தோன்றியிருக்கிறது.

இப்போது 20-ஆம் நூற்றாண்டுக்கு வாருங்கள். முதல் போர் முடிந்ததும் இந்தியக் கிராமங்களில் சலவைக்கல் பலகைகள் பதிக்கப்பட்டன. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 மகாயுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. நம் ஊர்களிலும் இத்தகைய கற்களைப் பார்க்கலாம். அந்த எண்ணுக்குள் ஊர்த்தெரு ஆட்கள் எத்தனை பேர், சேரி ஆட்கள் எத்தனை பேர் என்று கல் சொல்லாது. இந்தக் காலத்தில் ஊர்ப்பெருமை பேசுகிறவர்கள் அந்த எண்ணை முழுதாகத் தமதாக்கிக்கொள்ளும்போது கல்லால் மறுக்க முடியாது. மறுக்கக்கூடியது சேரியில் இருக்கும் பதக்கம் மட்டும்தான்.

ஆயாவின் தகப்பன் இறந்த பஸ்ராவில் 1929-இல் ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். மெசபடோமியாவில் இறந்து கல்லறை அறியப்படாத 40,500-க்கும் மேற்பட்டோருக்கான சின்னம் அது. இறந்த ஒவ்வொருவரையும் பதவி, இனம், மதம் என்ற வேறுபாடு இல்லாமல் பெயர் சொல்லி நினைவுகூர்வோம் என்ற உறுதியோடு 1917-இல் தொடங்கப்பட்ட பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம்தான் அதைக் கட்டியது. ஆனால் பஸ்ராவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் எல்லோருக்கும் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். மற்றவர்கள் படைவாரியாக எண்ணிக்கை. இன்னார், மேலும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள் என்ற கணக்கு. இதே ஆணையம் பிரான்சில் நவ் ஷாப்பேலில் 1927-இல் எடுத்த சின்னத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் நினைவுகூரப்படுகிறார்கள், சிப்பாயின் பெயரும் அங்கே கல்லில் உண்டு. ஐரோப்பாவில் முடிந்தது பஸ்ராவில் ஏன் முடியவில்லை? பார்க்க வருகிறவர்கள் யார் என்பதைப் பொறுத்துப் பெயரின் மதிப்பு ஏறி இறங்கியிருக்கிறது. 1997-இல் பஸ்ரா சின்னத்தையே பெயர்த்து நசிரியா சாலையில் பாலைவனத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

2021 ஏப்ரலில் அந்த ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு இதை ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டிருக்கிறார்கள். குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை பெயர் சொல்லியோ அல்லது எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், ஆசியர்கள், மத்தியக் கிழக்கு நாட்டவர். பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. அந்த அறிக்கை இனவேறுபாட்டைக் கண்டுகொண்டது. சாதியைக் கேட்கும் வேலை நம்முடையது. வெள்ளைக்காரன் இந்தியனை எண்ணாக்கினான். அந்த எண்ணிலிருந்து நம்மவர்களைப் பிரித்து அடையாளம் காட்டும் விருப்பம் இங்குள்ள வரலாற்றாசிரியர்களுக்கும் இருந்ததில்லை.

5. இது யாருடைய பெருமை?

இளைய தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அந்நிய அரசனின் தலை பொறித்த பதக்கத்தை நாம் ஏன் போற்ற வேண்டும்? அவர்கள் யாரை எதிர்த்துப் போரிட்டார்கள்? பர்மியரையும் சீனரையும் அரபியரையும் ஒடுக்கிய படையில் அல்லவா இருந்தார்கள்? உண்மைதான். அதை மறைக்கக் கூடாது. நம் தாத்தாவின் துப்பாக்கிக்கு முன்னால் நின்றவனும் ஏழைதான்.

அம்பேத்கர் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். 1818 ஜனவரி 1-ஆம் தேதி கோரேகாவில் நடந்த சண்டைக்குக் கம்பெனி ஒரு தூண் எழுப்பியது. அதில் உள்ள 49 பெயர்களில் 22 பெயர்கள் மகர்களுடையவை என்பதை அவற்றின் ஈற்றைக் கொண்டே அடையாளம் காணலாம். அந்தச் சண்டையில் சென்னைப் பீரங்கிப்படையின் ஒரு சிறு பிரிவும் இருந்தது. கம்பெனியைப் பொறுத்தவரை அது தன் வெற்றித்தூண். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நின்றபோது தூணின் பொருள் மாறிவிட்டது. பேஷ்வா ஆட்சியில் எச்சில் துப்பக் கழுத்தில் கலயம் கட்டிக்கொண்டு நடக்கவைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அந்தப் பெயர்களைப் படித்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் மகாடில் குளத்து நீரைத் தொட்டார்கள். பெயரைப் படிப்பதற்கும் நீரைத் தொடுவதற்கும் இடையே மூன்று மாதம்தான்.

பதக்கத்தை நாம் ராஜபக்தியின் அடையாளமாக வைத்துக்கொள்ளவில்லை. அது ஒரு ரசீது. எங்கள் வீட்டிலிருந்து ஓர் உயிரைப் பெற்றுக்கொண்டதற்கு ஓர் அரசு எழுதிக்கொடுத்த ரசீது. விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் உயிர்நீத்தார் என்று அந்தத் தகடு சொல்கிறது. அந்தத் தகடு வந்து சேர்ந்த வீட்டுப் பெண்களுக்கு ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமை கிடையாது. யாருடைய விடுதலை, யாருடைய மானம் என்று கேட்கும் உரிமையை அந்த ரசீதுதான் நமக்குத் தருகிறது.

6. செய்யவேண்டியவை

நேரமாகிறது. சில நடைமுறைச் செய்திகளைச் சொல்லி முடிக்கிறேன்.

வடார்க்காடு, செங்கல்பட்டு, பெங்களூர், கோலார் தங்கவயல் என்று பட்டாளத்தோடு தொடர்புள்ள இடங்களில் "பட்டாளத்தார் வீடு" என்று பெயர்பெற்ற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே போங்கள். பதக்கம் மட்டுமே பொருள் என்று நினைக்காதீர்கள். பணிநீக்கப் புத்தகம், பென்ஷன் காகிதம், கம்பளி, டவாலி, பித்தளைப் பொத்தான், சாப்பாட்டுத் தட்டு, பெட்டி மூடியில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய எண், எல்லாமே ஆவணம்தான். எந்தப் பொருளையும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அது அந்த வீட்டில் இருக்கட்டும். படம் எடுங்கள். விளிம்பில் உள்ள எழுத்தைப் பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்து எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். எண்ணைத் தவறாமல் குறியுங்கள். ஒரே பட்டாளத்தில் பத்து முனுசாமிகள் இருப்பார்கள், எண் ஒருவருக்குத்தான். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கவேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். பருத்தித் துணியில் சுற்றி ஈரம்படாமல் வைத்தால் போதும்.

இரண்டாம் உலகப்போரின் பதக்கங்களில் பெரும்பாலானவை பெயர் பொறிக்கப்படாமலே வந்தன. பர்மா நட்சத்திரமோ ஆப்பிரிக்க நட்சத்திரமோ வீட்டில் இருந்தால் அது யாருடையது என்று சொல்லக்கூடியவர் அந்த வீட்டின் மூத்த பெண் மட்டும்தான். அவர் போய்விட்டால் அது வெறும் தகரம். ஆகவே முதலில் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பழைய பதக்கங்களைத் தேடி வாங்குகிறார்கள். வறுமைக்கு விற்பவரை நாம் குறைசொல்ல முடியாது. எங்கள் வீட்டு வெள்ளி மெடலும் அப்படித்தான் போனது, அதனால் ஒரு கல்யாணம் நடந்தது. விற்பதற்கு முன்னால் விளிம்பை ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். வெள்ளி போனாலும் பெயர் நிற்கும். முதல் போரில் பணியாற்றிய பஞ்சாபியர் சுமார் 3,20,000 பேரின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்தன. 2021-இல் அவற்றைக் கணினியேற்றி வெளியிடத் தொடங்கினார்கள். நம்முடைய பதிவேட்டை நாமே எழுதவேண்டியிருக்கும். ஒரு தெருவுக்கு ஒரு நோட்டு என்று தொடங்கலாம்.

ஆயா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் அம்மன் தகட்டை என்னிடம் கொடுத்தது. அது அம்மன் இல்லை, இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் நாட்டைப் பெண்ணாக வரைந்தது என்று நான் விளக்கினேன். படித்த பிள்ளையின் அறியாமை என்று இப்போது தோன்றுகிறது. ஆயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யாரா இருந்தா என்ன, எங்க நைனாவைக் கடைசியாப் பார்த்தது அவதானே" என்றது.

தகட்டில் தேய்ந்த பெயரை மெடலின் விளிம்பிலிருந்து பார்த்து ஒரு தாளில் எழுதி அதன் பின்புறம் ஒட்டிவைத்திருக்கிறேன். தமிழில், ஊர் வெட்டாத முழுப்பெயராக. அந்தத் தாளின் இன்னொரு படி என் பிள்ளைகளிடம் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியைப் போய்த் திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். ஜெய்பீம்.